ஐந்து விரலும் ஒன்றே!

"ஐந்து விரலும் ஒன்றாய் இருக்குமா?" என்பது நம் மக்கள் நாவில் பழகிய கேள்வி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையே குணபேதம் காணும்போதும், பங்காளிகளிடையே வசதியில் ஏற்றத்தாழ்வு காணும்போதும், இந்த ஒரு கேள்வியைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வது நம் வழக்கம். ஆனால் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர், அரபு மண்ணில் பிறந்த ஒரு தீர்ப்பு இதற்கு நேர்மாறாக, ஐந்து விரலும் ஒன்றே என்று அறுதியிட்டு உரைத்தது. பெருவிரலை இழந்தவனுக்கும் சுண்டுவிரலை இழந்தவனுக்கும் ஈடு ஒன்றே என்றது.

காயம்பட்டு ஆறிய கையில் எஞ்சியிருக்கும் குறையை எப்படி அளப்பது? அதை அளப்பவர் யார்? எப்போது அளப்பது? மனித குலம் மிக நீண்ட காலமாகவே விடை தேடிவரும் வினாக்கள் இவை. இன்று தோல் பதனிடும் தொழிற்சாலையிலோ, மரம் அறுக்கும் ஆலையிலோ, அச்சகத்திலோ இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டு வரும் ஒருவனுக்கு இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. அவன் வீட்டு உலையில் அரிசி வேகுமா என்பதே இவற்றின் விடையில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே இவ்வினாக்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது பயனுடையதாகும்.

பண்டைச் சட்டங்கள்

உடலின் உறுப்புகளுக்கு ஈடு வகுத்த சட்டங்கள் மிகப் பழமையானவை. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 1750 ஆண்டுகளுக்கு முன்னர் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னனின் கல்வெட்டுச் சட்டத்தில், உயர்குடியினன் ஒருவனின் கண்ணைக் கெடுத்தவனுக்குத் தன் கண்ணையே இழப்பது தண்டனை. ஆனால் பொதுமகன் ஒருவனின் கண்ணையோ எலும்பையோ கெடுத்திருந்தால், ஒரு மினா எடை வெள்ளியைக் கொடுத்தால் போதும். அடிமையாயின் அவனுடைய விலையில் பாதியைக் கொடுத்தால் போதும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமானியர் எழுதிவைத்த பன்னிரு பலகைச் சட்டமும் இதே போக்கில்தான் செல்கிறது. சுதந்திர மனிதனின் எலும்பை முறித்தால் 300 செப்புக் காசுகள். அடிமையின் எலும்பாயின் 150.

இவ்விரு சட்டங்களும் முதலில் கேட்டது, "எந்த உறுப்பு போயிற்று?" என்பதை அன்று, "யாருடைய உறுப்பு போயிற்று?" என்பதையே.

இங்கிலாந்தின் கென்ட் நாட்டை ஆண்ட எதெல்பெர்ட் மன்னன் கி.பி. 616இல் மறைந்தான். அவன் பெயரால் வழங்கும் சட்டம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தை ஒட்டியே எழுதப்பட்டது. அதில் விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை உண்டு. பெருவிரலுக்கு 20 ஷில்லிங், பெருவிரலின் நகத்துக்கு மட்டும் 3 ஷில்லிங், நடுவிரலுக்கு 4, மோதிரவிரலுக்கு 6, சுண்டுவிரலுக்கு 11. சுட்டுவிரலை அச்சட்டம் 'அம்பு எய்யும் விரல்' என்று அழைக்கிறது. நடுவிரலைவிடச் சுண்டுவிரல் ஏன் உயர்ந்தது என்று அச்சட்டம் காரணம் கூறவில்லை. ஆயினும் கோடரிப் பிடியையோ வாளின் பிடியையோ இறுகப் பற்றுவதில் சுண்டுவிரலின் பங்கு பெரிது என்பதைக் கை மருத்துவர்கள் நன்கறிவர். அந்தப் போர்வீரர் நாட்டில் விரலின் பயன்தான் விலையை நிர்ணயித்தது போலும்!

அண்ணலாரின் தீர்ப்பு

இஸ்லாம் தோன்றுவதற்கு முன்னர் அரேபியாவிலும் உயிருக்கும் உறுப்புக்கும் ஈடாக ஒட்டகங்களைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் ஈட்டின் அளவு குலத்தின் வலிமையைப் பொறுத்து மாறியது. வலிய குலத்தான் ஒருவனின் உயிருக்கு மெலிய குலத்தானின் உயிரைப்போல் இருமடங்கு கேட்கப்பட்டது. மதீனாவிலேயே பனூ நளீர், பனூ குறைளா என்னும் இரு யூதக் குலங்களிடையே இத்தகைய ஏற்றத்தாழ்வு நிலவியதை விரிவுரையாளர்கள் எடுத்துரைத்துள்ளனர்.

இச்சூழலில்தான் தியத் என்னும் ஈட்டுச் சட்டம் வரையறுக்கப்பட்டது. ஓர் உயிரின் முழு ஈடு 100 ஒட்டகங்கள். இரு கைகளும் போனால் முழு ஈடு. ஒரு கை போனால் 50 ஒட்டகங்கள். கையிலுள்ள விரல் ஒவ்வொன்றுக்கும் 10 ஒட்டகங்கள். சுண்டுவிரலையும் பெருவிரலையும் சுட்டி, இதுவும் அதுவும் சமமே என்று அண்ணலார் அருளியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இந்த அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

சட்ட அறிஞர்கள் இதனைக் கணுக்கணுவாகப் பகுத்தனர். நான்கு விரல்களுக்கு மும்மூன்று கணுக்கள். ஆகவே ஒரு கணு போனால் ஒரு விரலின் ஈட்டில் மூன்றில் ஒரு பங்கு. பெருவிரலுக்குக் கணு இரண்டே. ஆகவே அதன் ஒரு கணுவுக்குப் பாதி, அதாவது 5 ஒட்டகங்கள். வலக்கை, இடக்கை என்ற பேதம் இல்லை. ஐந்து விரல்களும் போய் உள்ளங்கை மட்டும் எஞ்சினாலும் ஈடு 50; மணிக்கட்டோடு கை போனாலும் அதே 50. விரல்களற்ற கை, கையே அன்று என்பது இதன் உட்பொருள்.

உமர் (ரலி) அவர்கள் வகுத்த கணக்கு

இச்சட்டத்தின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி ஒன்றுண்டு. அதனை நமக்கு எடுத்துரைப்பவர், தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் மத்ஹபின் தலைவரான இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே. ஹிஜ்ரி 204இல், அதாவது கி.பி. 820இல் மறைந்த அப்பெருந்தகை, தமது 'அர்ரிஸாலா' என்னும் நூலில் இதனை விளக்குகிறார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், விரல்களுக்கு வேறு வேறு ஈடு விதித்தார்கள். பெருவிரலுக்கு 15 ஒட்டகங்கள், சுட்டுவிரலுக்கு 10, நடுவிரலுக்கு 10, மோதிரவிரலுக்கு 9, சுண்டுவிரலுக்கு 6. இவற்றைக் கூட்டிப் பாருங்கள்; சரியாக 50 வரும்! ஒரு கைக்கு 50 என்பது கலீஃபா அவர்கள் அறிந்த நபிவழி. விரல்கள் அழகிலும் பயனிலும் வேறுபடுகின்றன என்பது கண்கூடு. ஆகவே அந்த ஐம்பதை அவற்றின் தரத்துக்கேற்பப் பகிர்ந்தளித்தார்கள் என்பது இமாம் அவர்களின் விளக்கம்.

பின்னர் அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களின் குடும்பத்தாரிடம் ஒரு மடல் இருப்பது தெரியவந்தது. யமன் நாட்டுக்கு அவர்களை அனுப்பியபோது அண்ணலார் எழுதிக் கொடுத்த மடல் அது. ஜகாத், தியத் முதலியவற்றின் விதிகள் அதில் அடங்கியிருந்தன. ஒவ்வொரு விரலுக்கும் பத்து ஒட்டகங்கள் என்றே அதில் கண்டிருந்தது. அம்மடல் உறுதிப்பட்டதும், கலீஃபா அவர்களின் கணக்கு விடப்பட்டு மடலின் கணக்கே நிலைபெற்றது. தனி ஒரு குடும்பத்தாரிடம் இருந்த நபிமொழிக்கு முன்னால், மாபெரும் கலீஃபாவின் ஆய்வுரையும் வழிவிட்டு நின்றது என்பதைக் காட்டவே இமாம் அவர்கள் இந்நிகழ்ச்சியை எடுத்தாளுகிறார்கள்.

நமக்கோ இதில் மற்றொன்றும் புலப்படுகிறது. விரல்களின் பயனை எடைபோட்டுப் பங்கிடும் முறையை அந்தச் சமுதாயம் அறியாமல் இல்லை. அறிந்து, ஒருமுறை நடைமுறைப்படுத்தியும் பார்த்து, அதன் பின்னரே சமத்துவக் கணக்கில் நிலைகொண்டது.

சமம் என்பதன் பயன் யாது?

இதே விவாதம் பற்களைக் குறித்தும் எழுந்தது. கடைவாய்ப் பல்லுக்கு என்ன ஈடு என்று மர்வான் இப்னுல் ஹகம் ஆளனுப்பிக் கேட்டபோது, 5 ஒட்டகங்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் ஒன்றாகுமா என்று மர்வான் மீண்டும் கேட்டனுப்பினார். விரல்களை வைத்தே இதனை நீர் உணர்ந்துகொண்டிருக்கலாமே, அவற்றின் ஈடு ஒன்றுதானே என்ற கருத்தில் அவர்கள் மறுமொழி கூறினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது.

எல்லோர் விரலுக்கும், எல்லா விரலுக்கும் ஒரே அளவு என்று சட்டம் கூறிவிட்டால், பேரத்துக்கு இடமில்லாமற் போகிறது. காயம் செய்தவன் வலியவனாகவும் காயம்பட்டவன் எளியவனாகவும் இருக்கும்போது, "இது சுண்டுவிரல்தானே! இதனால் உனக்கு என்ன குறை?" என்று வாய்ச்சாதுரியம் பேச வழியில்லை. ஒட்டகம் மேய்ப்பவனின் விரலும் குலத்தலைவனின் விரலும் ஒரே அளவில் நின்றன. சமத்துவக் கணக்கு, எளியவனுக்கு ஓர் அரணாக அமைந்தது.

ஆயினும் எந்தக் கணக்கும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக அன்றும் கருதப்படவில்லை. ரபீஆ (ரஹ்) என்னும் மதீனத்து அறிஞர், ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களிடம் பெண்ணின் விரல்களைப் பற்றிக் கேட்ட செய்தியும் முவத்தாவில் உண்டு. ஒரு விரலுக்கு 10, இரண்டுக்கு 20, மூன்றுக்கு 30 என்று கூறிய ஸயீத், நான்கு விரலுக்கு 20 என்றார்கள். ஈடு மூன்றில் ஒரு பங்கை எட்டும்வரை ஆணுக்குச் சமம், அதன்பின் பாதி என்பது மதீனத்து அறிஞர்களின் நிலை. காயம் பெரிதாகித் துன்பம் மிகும்போது ஈடு குறைவதா என்று ரபீஆ திடுக்கிட்டுக் கேட்டார். வழிவழி வந்த சுன்னத் அதுவே என்பதே அவர் பெற்ற விடை. ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் இக்கணக்கை ஏற்காமல், எந்த அளவாயினும் பெண்ணுக்குப் பாதி என்ற வேறு கணக்கைக் கொண்டனர். விடைகள் எதுவாயினும், துன்பத்தின் அளவுக்கும் ஈட்டின் அளவுக்கும் பொருத்தம் வேண்டாவா என்ற ரபீஆவின் வினா, இன்றுவரை எல்லா நாட்டுச் சட்டங்களையும் துரத்திக்கொண்டுதான் இருக்கிறது.

விரல் இருந்தும் செயல் இல்லையேல்?

கை வெட்டுண்டு போவது ஒரு வகை. கை உடலோடு ஒட்டியிருந்தும் அசைவற்றுப் போவது மற்றொரு வகை. நரம்பு அறுந்து உணர்வு மாண்டு, மரக்கட்டைபோல் தொங்கும் கையை என்னென்பது?

ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை நுணுகி ஆராய்ந்தனர். உறுப்பின் பயன் போயிற்றென்றால் உறுப்பே போனதாகக் கருதி ஈடு விதித்தனர். அடிபட்ட கை முற்றிலும் முடங்கிப் போனால், வெட்டுண்ட கைக்குரிய 50 ஒட்டகங்களே அதற்கும் ஈடு. ஆக, அளக்கவேண்டியது சதையையும் எலும்பையும் மட்டுமன்று, அவற்றின் செயலையும்தான் என்பது அன்றே உணரப்பட்டது.

முழுதும் முடங்காமல், பாதி மடங்கி, பிடி தளர்ந்து நிற்கும் கைக்கு அளவு எங்கே? அதற்கென அவர்கள் வகுத்த முறையின் பெயர் 'ஹுகூமத்'. நிர்ணயிக்கப்பட்ட ஈடு இல்லாத காயங்களை, அனுபவம் வாய்ந்த நேர்மையாளர்களின் மதிப்பீட்டைக் கொண்டு நீதிபதி அளவிடுவார். அந்த மதிப்பீட்டுக்கு அவர்கள் கையாண்ட உவமை, அக்காலத்து அடிமைச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இவன் அடிமையாய் இருந்தால், காயத்துக்கு முன் இவன் விலை என்ன, பின் என்ன என்று கணக்கிட்டு, அந்த வேறுபாட்டின் விகிதத்தை முழு ஈட்டில் காண்பார்கள். அடிமை முறை ஒழிந்த இக்காலத்தில் அந்த உவமை நம் செவிக்கு இனிக்காது. ஆனால் அதன் உள்ளீடான கருத்தை இன்றைய சட்டமும் விட்டுவிடவில்லை. காயத்துக்கு முன் இவனால் எவ்வளவு ஈட்ட முடிந்தது, பின் எவ்வளவு முடிகிறது என்பதுதானே இன்று நீதிமன்றம் கேட்பதும்!

ஆறும்வரை பொறுத்திரு

எப்போது அளப்பது என்ற வினாவுக்கும் ஒரு நிகழ்ச்சி விடை தருகிறது. ஒருவன் மற்றொருவனின் முழங்காலில் கொம்பால் குத்திவிட்டான். குத்துப்பட்டவன் அண்ணலாரிடம் வந்து உடனே பழிக்குப்பழி வேண்டும் என்றான். காயம் ஆறட்டும் என்று அண்ணலார் கூறினார்கள். அவன் பொறுக்கவில்லை, மறுபடியும் வந்து வற்புறுத்தினான். அவன் கேட்டபடியே நிறைவேற்றப்பட்டது. சில காலம் சென்றபின், தன் கால் நொண்டியாகிவிட்டதென்று அவன் திரும்பி வந்தபோது, அதற்கென மேலும் ஈடு கிட்டவில்லை. பொறுத்திருக்கச் சொன்னதை அவன் கேட்கவில்லை. அதன் பின்னர், காயம்பட்டவன் குணமடையும்வரை காயத்துக்குப் பழி தீர்ப்பது தடுக்கப்பட்டது. முஸ்னத் அஹ்மதிலும் தாரகுத்னியிலும் இந்த அறிவிப்பு உள்ளது.

இன்றைய மருத்துவமும் இதையே கூறுகிறது. சிகிச்சையால் இனி மேலும் முன்னேற்றம் காண இயலாது என்ற நிலையைக் காயம் அடைந்த பின்னரே நிலையான ஊனத்தை அளக்கவேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்பும் விதி. அறுந்த நரம்பு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்ந்து செல்லும். மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்டப் பல மாதங்கள் ஆகும். ஆறாத கையை அளந்து எழுதிய சான்றிதழ், விளையாத வயலுக்குப் போட்ட விலைபோன்றது.

கை மருத்துவத்தின் வளர்ச்சியில் நம் தமிழகத்துக்கும் உரிய பங்குண்டு. 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில், 1970களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை மருத்துவத்துக்கென்றே தனித் துறையை வளர்த்தெடுத்தார். போனது போயிற்று என்று கைவிடப்பட்ட கைகள் பல மீண்டும் வேலைக்குத் திரும்பின. முதலில் குணப்படுத்து, பின்னர் அளந்து பார் என்பதே முறை.

இயந்திர யுகத்தின் அட்டவணை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகின. வாளாலும் கத்தியாலும் போன விரல்களைவிடப் பற்சக்கரத்தாலும் அறுவை இயந்திரத்தாலும் போன விரல்கள் மிகுந்தன. குற்றவாளி என்று சுட்டிக்காட்ட எதிரே ஒருவன் இல்லை. யாருடைய தவறு என்று தேடிக்கொண்டிராமல், வேலையில் நேர்ந்த விபத்துக்கு ஈடு தரும் புதுவகைச் சட்டம் 1884இல் ஜெர்மனியில் பிறந்தது. 1897இல் பிரிட்டன் பின்தொடர்ந்தது. இந்தியாவில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உறுப்புகளுக்கு விழுக்காடு வகுக்கப்பட்டது. பின்னர் திருத்தம் பெற்ற அவ்வட்டவணையின்படி, ஒரு கையோ அல்லது பெருவிரலும் நான்கு விரல்களுமோ போனால் 60 விழுக்காடு. பெருவிரல் மட்டும் போனால் 30, சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ போனால் 7. விரலின் நுனி மட்டும், எலும்பு போகாமல், வெட்டுண்டாலும் அதற்கும் ஒரு விழுக்காடு உண்டு.

ஐந்து விரலும் போனால் கையே போனதாகும் என்ற பழைய ஃபிக்ஹு விதி இங்கும் அப்படியே நிற்பதைக் காண்கிறோம். ஆனால் ஐந்து விரலும் ஒன்றே என்ற விதி இங்கு இல்லை. பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு!

இதனைப் பணக்கணக்கில் பார்ப்போம். மாதக் கூலி 15,000 ரூபாய் பெறும் 30 வயதுத் தொழிலாளி ஒருவனை எடுத்துக்கொள்வோம். அச்சட்டம் கூலியில் 60 விழுக்காட்டை, அதாவது 9,000 ரூபாயை, அவன் வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்குகிறது. முழு ஊனத்துக்குரிய தொகை 18,71,820 ரூபாய். பெருவிரலுக்கு 5,61,546 ரூபாய்; சுட்டுவிரலுக்கு ஏறத்தாழ 2,62,055 ரூபாய்; சுண்டுவிரலுக்கு ஏறத்தாழ 1,31,027 ரூபாய். 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இப்பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதிலும் உறுப்புகளின் அட்டவணை தொடர்கிறது.

இருவகைக் கணக்குகளும் ஒரே நாட்டில் வழங்கியதற்குப் பாகிஸ்தான் சான்று. அங்கு 1990இல் அவசரச் சட்டமாக வந்து, 1997இல் நாடாளுமன்றச் சட்டமான கிஸாஸ், தியத் விதிகளின்படி, எந்த விரலாயினும் முழு ஈட்டில் பத்தில் ஒரு பங்குதான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ பிரிட்டிஷ் ஆட்சியின் எச்சமாக அங்கும் தொடர்ந்தது. ஒருவன் வெட்டியதால் போன விரலுக்கு ஒரு கணக்கு. இயந்திரம் வெட்டியதால் போன விரலுக்கு வேறு கணக்கு. முரண்பாடுபோல் தோன்றினும், இவற்றின் நோக்கங்கள் வேறு வேறு. முன்னது மனித உடலின் கண்ணியத்துக்கு ஈடு செய்வது. அங்கே எல்லா விரலும் சமம். பின்னது உழைத்துப் பொருளீட்டும் ஆற்றலுக்கு ஈடு செய்வது. அங்கே பயனுக்கேற்ற விலை.

மருத்துவரின் அளவுகோல்

வெட்டுண்ட விரலை எண்ணிவிடலாம். மடங்காத விரலை எண்ணுவதெப்படி? இதற்கு மருத்துவ உலகம் கருவிகளைத் தேடியது. விரல் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நிமிர்கிறது என்பதைக் கோணமானியால் அளக்கிறார்கள். பிடியின் வலிமையைக் கைக்குள் அடங்கும் ஒரு கருவியை இறுகப் பிடிக்கச் செய்து அளக்கிறார்கள். விரல் நுனியில் இரு முனைகளை ஒருங்கே வைத்து, அவை இரண்டெனத் தெரிகின்றனவா என்று கேட்டு உணர்ச்சியை அளக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் இடைவெளியிலேயே இரண்டெனத் தெரிந்தால் உணர்ச்சி சீராக உள்ளது. பதினைந்து மில்லிமீட்டருக்கு மேலும் தெரியவில்லையெனில் அவ்விரல் குருடாகிவிட்டது என்றே கொள்ளலாம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இல் கை, கால், முதுகு ஆகியவற்றின் ஊனத்தை அளக்கும் வழிகாட்டியை வெளியிட்டது. 1971இல் அது நூல் வடிவம் பெற்றது. பிற்காலப் பதிப்புகளில், கையின் செயல் நூறு எனில் பெருவிரலுக்கு 40, சுட்டுவிரலுக்கு 20, நடுவிரலுக்கு 20, மோதிரவிரலுக்கு 10, சுண்டுவிரலுக்கு 10 எனப் பங்கிடப்பட்டுள்ளது.

இங்கே உமர் (ரலி) அவர்களின் கணக்கை நினைவுகூர்வோம். ஐம்பதில் 15, 10, 10, 9, 6 என்பதை நூறுக்கு மாற்றினால் 30, 20, 20, 18, 12 என்றாகும். சுட்டுவிரலும் நடுவிரலும் இரு கணக்கிலும் ஒத்தே நிற்கின்றன! ஆயிரத்து முந்நூறு ஆண்டு இடைவெளியில், ஆட்சித் தலைவர் ஒருவரின் கூர்மதியும் அறுவை மருத்துவர்களின் ஆய்வும் அருகருகே வந்து நிற்பது வியப்புக்குரியதே. அவ்வாறே ஒரு முழுக் கையின் இழப்பு, தியத்தில் 50 விழுக்காடு. அமெரிக்க வழிகாட்டியில் முழு மனிதனில் 54 விழுக்காடு. இந்தியச் சட்டத்தில் 60 விழுக்காடு.

தச்சரின் கை

ஆயினும் எல்லா அட்டவணைகளுக்கும் ஒரு குறை உண்டு. அட்டவணைக்குக் கை தெரியும், கைக்குரியவனைத் தெரியாது.

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் இதற்கு வழிகாட்டியது. வேலையில் நேர்ந்த விபத்தால் ஒரு தச்சரின் இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டது. அட்டவணையைப் பார்த்தால் அது பகுதி ஊனம்தான். ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே அவருக்கு நேர்ந்தது முழு ஊனமே என்ற தீர்ப்பை நீதிமன்றம் உறுதி செய்தது.

2010 அக்டோபரில், மோட்டார் விபத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதனை மேலும் விளக்கியது. இடக்கையை இழந்தவனின் உடல் ஊனம் 60 விழுக்காடு அளவில் இருக்கலாம். அவன் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால், வருவாய் இழப்பு நூறு விழுக்காட்டையே எட்டிவிடும். அவனே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால், வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே மருத்துவர் கூறும் ஊன விழுக்காட்டையே வருவாய் இழப்பின் விழுக்காடாக எடுத்துக்கொள்ளலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மருத்துவர் அளப்பது உடலின் குறையை. அக்குறை ஒருவனின் வாழ்வில் என்ன செய்கிறது என்பதை அளப்பது நீதியின் பணி.

வரலாறு கற்பிப்பது

இந்நெடிய வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் தெளிவானவை. நிர்ணயித்த அளவு, எளியவனைப் பேரத்திலிருந்து காக்கும் அரண். ஆனால் அந்த அரணே அவனை அடைத்துவைக்கும் சுவராகிவிடக் கூடாது. பட்டியலில் கண்டதற்கு மேல் இழப்பு இருக்குமெனில், அதனையும் நேர்மையாளர் அளந்தறிய வேண்டும். தியத்தோடு ஹுகூமத்தும், அட்டவணையோடு நீதிமன்றத் தீர்ப்பும் இணைந்து நிற்பது இதனால்தான்.

நம் குடும்பங்களில் பலர் கையுழைப்பை நம்பி வாழ்பவர்கள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்கூடங்களில் பணிபுரிவோர் உளர். கடல் கடந்து வளைகுடா நாடுகளில் கட்டட வேலையில் இருப்போரும் உளர். கையில் காயம் நேர்ந்தவுடன், கட்டுப் பிரிக்கும் முன்பே ஒரு சிறு தொகையைத் தந்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையொப்பம் கேட்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் நீடிக்கிறது. வீட்டுச் செலவுக்கு அத்தொகை வேண்டியிருக்கும். வேலை போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கும். அந்நேரத்தில் குடும்பத்துப் பெரியவர்கள் முழங்காலில் குத்துப்பட்டவனின் வரலாற்றை நினைத்துக்கொள்ள வேண்டும். காயம் ஆறட்டும், கை எந்த அளவுக்குத் திரும்பும் என்பது தெரியட்டும். சிகிச்சைக் காலத்துக்குரிய உதவியைத் தனியே கேட்டுப் பெறுவதும், இறுதிக் கணக்கை இறுதியிலேயே முடிப்பதும் அறிவுடைமை.

சான்றிதழ் பெறும்போது, "கையில் ஊனம்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடலாகாது. எந்த விரல், எந்தக் கணு, எத்தனை பாகை அசைவு, பிடியின் வலிமை எவ்வளவு, உணர்ச்சி எந்நிலையில் என்பவை எழுத்தில் இருக்கவேண்டும். அடிபட்டவர் என்ன தொழில் செய்தார், அத்தொழிலுக்கு அந்தக் கை எவ்வாறு வேண்டியிருந்தது என்பதையும் வழக்கில் எடுத்துரைக்க வேண்டும். தையற்காரரின் சுட்டுவிரலும் காவற்காரரின் சுட்டுவிரலும் அட்டவணையில் 14தான். வாழ்க்கையில் அவை ஒன்றல்ல.

மனிதனின் விரல் நுனிகளைக்கூடச் செம்மையாய் அமைக்க வல்லவன் இறைவன் என்று திருமறை நினைவூட்டுகிறது. அத்துணை நுட்பமான படைப்புக்கு உண்மையில் விலை ஏது? ஒட்டகமாயினும், ஷில்லிங்காயினும், ரூபாயாயினும், நாம் கொடுப்பது விரலின் விலை அன்று. விரலை இழந்தவன் தன் பிள்ளைகளுக்கு முன்னால் தலை தாழாமல் வாழ, சமுதாயம் அவனுக்குச் செலுத்தவேண்டிய கடன் அது. அக்கடனைக் காலம் அறிந்து, அளவு அறிந்து, ஆளும் அறிந்து செலுத்துவதே நீதி.